அடுத்து எந்தக் கதைக்குள் நுழைவது? – வாசகர் கேள்வி பதில்

கணினி விளையாட்டுகள் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி கடந்த இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பெரும்பாலானவை ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைப் பற்றியவையாக, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் போக்கை நாமே தீர்மானித்துச் செல்லும் கதை விளையாட்டுகளுள் அடுத்து எதைத் தெரிவு செய்யலாம் என்று கேட்பவையாக இருந்தமையால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.

'த விச்சர் 3' விளையாட்டை அதன் இரண்டு விரிவாக்கங்களோடும் முடித்துவிட்டேன். அதன் பின்னர் எதைத் தொடங்கினாலும் மனம் ஒட்டவில்லை. தனிக் கிராபிக்ஸ் அட்டை உள்ள மடிக்கணினி வைத்திருக்கிறேன். அடுத்து எதை விளையாடலாம்?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

விச்சரை முடித்தவர்களுள் பலருக்கு இந்த வெறுமை வருகிறது. அவர்கள் உடனே அதேபோலப் பரந்த நிலமும் வாளும் குதிரையும் உள்ள இன்னொன்றைத் தேடிப் போய் ஏமாறுகிறார்கள். ஏனெனில் அவர்களை அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது குதிரையல்ல. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் எது நினைவில் நிற்கிறது என்று எவரைக் கேட்டாலும், 'இரத்தப் பிரபு' என்று பெயர் பெற்ற அந்தக் குடிகாரனின் குடும்பக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். மனைவியை அடித்துத் துன்புறுத்திய ஒருவன், காணாமற்போன மனைவியையும் மகளையும் தேடித் தரும்படி நம்மிடமே கேட்கிறான். அவனை வெறுப்பதா அவனுக்காக இரங்குவதா என்று தெரியாமல் நாம் தடுமாறுகிறோம். இதனிடையே, இதற்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் வேறொரு குன்றில், மரத்தின் அடியில் அடைபட்டுக் கிடக்கும் ஆவி ஒன்றை விடுவிப்பதா கொல்வதா என்று ஒரு முடிவை எடுத்திருப்போம். அந்த முடிவு நெடுநேரம் கழித்து இந்தக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறது. திரும்பிப் போய் மாற்றலாம் என்று பார்த்தால், சேவ் செய்த இடம், அதாவது ஆட்டத்தைக் கடைசியாகச் சேமித்து வைத்த இடம், எங்கோ பின்னால் போயிருக்கும்.

என் கணிப்பில் இந்த வகை விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாம் எடுத்த முடிவும், தவறவிட்ட வாய்ப்பும், தோற்றுப்போன முயற்சியும் துடைத்தெறியப்படாமல் கதையின் பகுதியாகவே மாறவேண்டும். அடுத்த விளையாட்டைத் தேடும்போது நிலப்பரப்பின் அளவையும் படங்களின் அழகையும் ஒதுக்கிவிட்டு, தோற்றாலும் கதை நகருமா என்று பாருங்கள்.

அந்த வகையில் உங்களுக்கு நான் முதலில் சொல்வது, செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வார்ஹோர்ஸ் ஸ்டூடியோஸ் 2018 இல் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. களம் 1403 ஆம் ஆண்டின் பொஹீமியா. மந்திரமும் இல்லை, பூதமும் இல்லை. கதாநாயகன் ஹென்றி ஒரு கொல்லனின் மகன். படையெடுப்பில் ஊர் எரிந்து பெற்றோரை இழந்து ஓடுகின்ற அவனுக்கு வாளை ஒழுங்காகப் பிடிக்கவும் தெரியாது, எழுத்தும் தெரியாது. கையில் கிடைத்த புத்தகத்தைத் திறந்தால், திரையில் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். அவனை ஓர் எழுத்தரிடம் கூட்டிச் சென்று படிக்க வைத்த பின்னர்தான் சொற்கள் ஒவ்வொன்றாக நேராகின்றன. அப்போதும் சில சொற்கள் பிடிபடாமலே இருக்கும். தொடக்கத்து ஹென்றியை ஒரு சாதாரணக் கள்ளன்கூட அடித்து வீழ்த்திவிடுவான். இதனால் எரிச்சலடைந்து பலர் முதற் பத்து மணித்தியாலத்துக்குள் கைவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பொறுத்துக்கொண்டால், பின்னர் அவன் வெல்லும் ஒவ்வொரு சண்டையும் நீங்கள் உழைத்துப் பெற்றதாக இருக்கும். இதன் இரண்டாம் பாகம் 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. அதே ஹென்றியின் கதை தொடர்வதால், முதற் பாகத்தை முடித்துவிட்டே அதற்குப் போங்கள்.

'பால்டர்ஸ் கேட் 3' ஐயும் தவிர்க்கமுடியாது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஓகஸ்டில் வெளியிட்ட இந்த விளையாட்டில், நீங்கள் எடுக்கும் முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று திரையில் உருண்டு தீர்மானிக்கும். இறந்தவர்களோடு கதைக்கும் மந்திரம் ஒன்று அதில் உண்டு. பிணம் ஐந்து கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும். அந்த ஆளைக் கொன்றது நீங்களாக இருந்தால் அது உங்களோடு கதைக்க மறுத்துவிடும். வேறொருவரின் தோற்றத்தை மந்திரத்தால் எடுத்துக்கொண்டு போனால் ஏமாந்து கதைக்கும். இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சூழ்ச்சிகளை எதிர்பார்த்து விடை எழுதி வைத்திருப்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. ஏறத்தாழ 150 ஜிகாபைட் இடம் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விச்சரின் அதே நிறுவனம் செய்த 'சைபர்பங்க் 2077' ஐயும் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 2020 டிசம்பரில் அது குறைகளோடு வெளிவந்த கதையைக் கேட்டு ஒதுக்கியிருந்தால், 2023 செப்டெம்பரில் வந்த 2.0 மேம்படுத்தலுக்குப் பின்னர் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. எனக்கு அதன் முதன்மைக் கதையைவிடப் பக்கக் கதைகளே பிடித்தன.

என்னிடம் இருப்பது கிராபிக்ஸ் அட்டை இல்லாத, எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினி. சண்டை எனக்குப் பிடிக்காது. நாவல் வாசிப்பது பிடிக்கும். எனக்கு ஏற்றது ஏதும் உண்டா?
– வரலாற்று ஆசிரியை, கோப்பாய்

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் மனதில் வந்தது ஒரே ஒரு பெயர்தான், ரீச்சர். 2022 நவம்பரில் ஒப்சிடியன் நிறுவனம் வெளியிட்ட 'பென்டிமென்ட்' உங்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது.

1518 ஆம் ஆண்டு, பவேரியாவில் டாசிங் என்னும் கற்பனை ஊர். அருகிலுள்ள மடத்தில் கையெழுத்துச் சுவடிகளுக்குப் படம் வரையும் ஓவியன் அந்திரேயாஸ் மாலர். மடத்துக்கு வந்த பிரபு ஒருவர் கொல்லப்படுகிறார். பழி அந்திரேயாஸின் மதிப்புக்குரிய முதிய துறவி ஒருவர் மேல் விழுகிறது. உண்மைக் கொலைகாரன் யார் என்று தேடும் பொறுப்பு உங்களுடையது. விசாரணைக்குக் கிடைக்கும் காலம் குறைவு. ஒருவர் வீட்டில் இருந்து சாப்பிட்டால் இன்னொருவரிடம் கேட்க நேரம் இராது. நீங்கள் சுட்டிக்காட்டும் ஆள் தண்டிக்கப்படுவார். ஆனால் கொலை செய்தது அவர்தானா என்பதை விளையாட்டு கடைசிவரை உங்களுக்கு உறுதியாகச் சொல்வதில்லை. பிறகு ஆண்டுகள் கடந்து, அதே ஊருக்கு அந்திரேயாஸ் திரும்பி வரும்போது, அன்று தண்டிக்கப்பட்டவரின் குடும்பம் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கும். கதை மொத்தம் 25 ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறது.

குரல் நடிப்பு இல்லை, எல்லாம் எழுத்து. அந்த எழுத்தைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்கவேண்டும். துறவிகளின் பேச்சு மடத்துச் சுவடிகளின் கனத்த எழுத்தில் வருகிறது. குடியானவர்களின் பேச்சு கரடுமுரடான கையெழுத்தில் வருகிறது. அச்சகத்தாரின் பேச்சோ ஈய எழுத்துக் கோத்து அச்சடித்ததுபோல விழுகிறது. பேசுபவர் பதற்றப்பட்டால் எழுத்துப் பிழை வந்து, கண் முன்னாலேயே திருத்தப்படும். பக்தியுள்ளவர் பேசும்போது இறைவனின் பெயர் வரும் இடம் முதலில் வெறுமையாக விடப்பட்டு, வாக்கியம் முடிந்த பின்னர் சிவப்பு மையால் நிரப்பப்படும். குடியானவர் என்று அந்திரேயாஸ் எண்ணியிருந்த ஒருவர் படித்தவர் என்று தெரியவந்தால், அவருடைய எழுத்தின் வடிவமே மாறிவிடும். கையெழுத்துச் சுவடி தளர்ந்து அச்சு எழும் காலத்தைக் காட்டும் கதை இது. 'உதயதாரகை' பத்திரிகை 1841 இல் வெளிவரத் தொடங்கிய காலத்தில் ஏட்டுச் சுவடியும் அச்சுப் புத்தகமும் ஒரே வீட்டில் அருகருகே இருந்த நம்முடைய யாழ்ப்பாணத்தை எண்ணாமல் என்னால் அதை விளையாட முடியவில்லை. பழைய எழுத்து வடிவங்கள் கண்ணைக் களைப்படையச் செய்தால், எளிய எழுத்துக்கு மாற்றும் வசதியும் அமைப்புகளுக்குள் உண்டு.

இதை முடித்தபின் 1999 இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்' விளையாட்டின் 2017 ஆம் ஆண்டுப் புதுப்பதிப்பைப் பாருங்கள். பிணவறை மேசையில் கண் விழிக்கும் கதாநாயகனுக்குப் பெயரும் தெரியாது, தான் யார் என்பதும் தெரியாது. அவன் இறந்தாலும் மீண்டும் எழுந்துவிடுவான். அந்தச் சாவுகளும் கதைக்குள் கணக்கிடப்பட்டவை. சண்டை கொஞ்சம் உண்டு, அதுவும் சுமாரானதுதான். பாத்திரத்தை அமைக்கும்போது உடல் வலிமையை விட்டுவிட்டு ஞானத்துக்கும் அறிவுக்கும் புள்ளிகளைக் கொடுத்தீர்களென்றால், பெரும்பாலான இடங்களைப் பேசியே கடந்துவிடலாம்.

'டிஸ்கோ எலீசியம்' பற்றி எல்லோரும் புகழ்ந்தமையால் வாங்கினேன். முதல் அறையிலேயே, கூரை மின்விசிறியில் தொங்கிய கழுத்துப்பட்டியை எடுக்கப் போய் மாரடைப்பில் இறந்துவிட்டேன். இதில் என்ன இருக்கிறது?
– வாசகர், அரியாலை

சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னிக்கவும். உடல் வலிமைக்கு மிகக் குறைந்த புள்ளியைக் கொடுத்துவிட்டு, முழு அறிவாளியாக ஒரு துப்பறிவாளனை அமைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த ஆளுக்கு அந்தச் சாவு பொருத்தமானதே.

2019 இல் வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் எஸ்தோனியாவில் தொடங்கிய ஒரு கலைஞர் குழுவினர். வழமையான சண்டைமுறை இதில் கிடையாது. அளவுகடந்த குடியால் நினைவை முற்றாக இழந்த பொலிஸ்காரன் ஒருவன், தங்கியிருக்கும் விடுதியின் பின்புறம் மரத்தில் தொங்கும் பிணத்தின் வழக்கை விசாரிக்கவேண்டும். அவனுடைய 24 திறன்களும் அவன் தலைக்குள் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பேசும். தர்க்கம் ஒன்று சொல்லும், பரிவு வேறொன்று சொல்லும், அதிகாரத் திமிர் இடையில் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு திறனுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தால் அது வாய் ஓயாமல் பேசி உங்களைத் தவறான வழிக்கும் இழுத்துச் செல்லும். அதிக புள்ளி இருந்தால் எல்லாம் நல்லதாக நடக்கும் என்று மற்ற விளையாட்டுகளில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

முயற்சிகள் இரண்டு பகடைகளால் தீர்மானிக்கப்படுகின்றன. வெள்ளை நிறத்தில் காட்டப்படும் முயற்சி தோற்றால், அந்தத் திறனை வளர்த்துக்கொண்டு வந்து மறுபடி முயலலாம். சிவப்பு நிறத்தில் காட்டப்படுவது ஒருமுறைதான். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சிவப்பு முயற்சி தோற்றவுடன் பழைய சேவ் கோப்பைத் திறந்து, பலிக்கும்வரை திரும்பத் திரும்பப் பகடையை உருட்டுகிறார்கள். இந்த விளையாட்டின் மிக நல்ல காட்சிகள் சில, தோற்றவர்களுக்கே கிடைக்கும்படி எழுதப்பட்டவை. நீங்கள் அவமானப்பட்டு நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் துணை அதிகாரி கிம் கிட்சுராகி என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பாருங்கள்; அந்த மனிதரின் நல்லெண்ணத்தைப் பெறுவதே எனக்கு வழக்கைவிட முக்கியமாகிப் போனது.

ஆகையால் உடல் வலிமைக்கு இரண்டு மூன்று புள்ளி கொடுத்து மீண்டும் தொடங்குங்கள். 2021 இல் வந்த 'ஃபைனல் கட்' பதிப்பில் உரையாடல்களுக்குக் குரல் சேர்த்திருக்கிறார்கள்; வாசிப்புக் களைப்புக்கு அது நல்ல துணை.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. கைத்தொலைபேசியும் அண்ணாவின் பழைய கணினியும் இருக்கின்றன. உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. நான் எதிலிருந்து தொடங்கலாம்?
– மாணவர், சாவகச்சேரி

தம்பி, மேலே சொன்னவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டிஸ்கோ எலீசியத்தின் ஆங்கிலம் ஆங்கிலம் தெரிந்தவர்களையே அகராதி தேட வைப்பது. உங்களுக்கு வேண்டியது, சிறிய வாக்கியங்களும், நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும் உரைப் பெட்டியும் உள்ள விளையாட்டு. பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்கள் அதற்குப் பொருத்தமானவை.

'குரோனோ டிரிகர்' 1995 இல் வெளிவந்தது. இன்று கைத்தொலைபேசியிலும் கிடைக்கிறது. காலத்தின் ஊடாக முன்னும் பின்னும் பயணிக்கும் கதை. தொடக்கத்தில் ஒரு திருவிழா வரும். அங்கே விளையாட்டுத்தனமாக யாரோ ஒருவரின் மதிய உணவை எடுத்துத் தின்றிருப்பீர்கள். ஒரு சிறுமியின் பூனையைத் தேடிக் கொடுத்திருப்பீர்கள், அல்லது கண்டும் காணாததுபோலப் போயிருப்பீர்கள். சிறிது நேரத்தில் உங்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, அந்தச் சின்னச் செயல்களையே சாட்சியமாக எடுத்து வைப்பார்கள். முப்பது ஆண்டு பழைய விளையாட்டு, இன்றைக்கும் அந்தக் காட்சி நம்மை ஒருகணம் வெட்கப்பட வைக்கிறது.

கணினியில் 'அண்டர்டேல்' விளையாடுங்கள். 2015 இல் டோபி ஃபொக்ஸ் என்பவர் பெரும்பகுதியைத் தானே செய்தது; பழைய கணினியிலும் ஓடும். எதிரில் வருபவர் எவரையும் கொல்லாமலே முடிக்கலாம். ஒருவரைக் கொன்றுவிட்டு மனம் கேட்காமல் பழைய சேவுக்குத் திரும்பி அவரைக் காப்பாற்றினீர்களென்றால், நீங்கள் முன்னர் செய்தது தனக்குத் தெரியும் என்று ஒரு பாத்திரம் முகத்துக்கு நேரே சொல்லும். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். தெரியாத சொல் வந்தால் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பெறுபேறு வருவதற்கிடையில் உங்கள் ஆங்கிலம் ஓரளவு முன்னேறியிருக்கும்.

என் மகனுக்கு 14 வயது. வகுப்பு நண்பர்கள் விளையாடுகிறார்கள் என்று 'பால்டர்ஸ் கேட் 3' வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– தாயார், பருத்தித்துறை

இப்போது வேண்டாம், அம்மா. ஐரோப்பியத் தரப்படுத்தலில் அது 18 வயதுக்கு மேற்பட்டோருக்குரியது. கடும் வன்முறையும் வெளிப்படையான பாலியற் காட்சிகளும் அதில் உண்டு. நிர்வாணத்தை மறைக்கும் தெரிவு ஒன்று அமைப்புகளில் இருந்தாலும், வன்முறை அப்படியே இருக்கும். விச்சர், சைபர்பங்க் ஆகியவையும் அதே தரத்தில்தான் வருகின்றன. மறுத்துவிட்டு வெறுங்கையோடு விடாமல், சாவகச்சேரித் தம்பிக்குச் சொன்ன இரண்டையும் மகனுக்குக் கொடுங்கள். முடிந்தால் அண்டர்டேலை முதல் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். எதற்காக அவன் எதிரியை அடிக்காமல் விடுகிறான் என்று கேட்டால், அவன் உங்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருப்பான்.

முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட ஜப்பானிய வகை விளையாட்டுகளை ஏன் ஆர்.பி.ஜி. என்கிறார்கள்? நாம் எதையும் மாற்ற முடியாவிட்டால் பொத்தானை அழுத்துவதில் என்ன பயன்? மாறி மாறி அடித்துக்கொள்ளும் சண்டையும் அலுப்பாக இருக்கிறது.
– வாசகர், நல்லூர்

உங்கள் குற்றச்சாட்டில் பாதி நியாயம். நான் மேலே புகழ்ந்தவை எல்லாம் நம் முடிவுகளால் வளைந்து கொடுப்பவை என்பதால், நீங்கள் இப்படிக் கேட்பது முறைதான். ஆனால் காத்தவராயன் கூத்துப் பார்க்க வந்து குந்தியிருக்கும் எவருக்கும், காத்தான் கடைசியில் கழுமரம் ஏறுவான் என்பது முன்னரே தெரியும்; தெரிந்தும் விடியும்வரை இருக்கிறார்கள். முடிவை மாற்ற முடியாத கதையில், அந்த முடிவு வரைக்கும் பாத்திரத்தோடு கூடவே நடப்பதுதான் நமக்குரிய பங்கு. அதைச் சரியாகச் செய்யும் விளையாட்டுகள் குறைவு.

அலுப்பு என்று சொல்லும் உங்களுக்கு 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஐச் சொல்வேன். பிரான்சின் மொன்பெலியே நகரிலுள்ள சாண்ட்ஃபோல் இன்டரக்டிவ் 2025 ஏப்ரலில் வெளியிட்டது. ஓவியம் தீட்டும் மாபெரும் உருவம் ஒன்று தூரத்துத் தூணில் ஆண்டுதோறும் ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த வயதை எட்டியவர்கள் அனைவரும் மலரிதழ்களாக உதிர்ந்து மறைந்துவிடுகிறார்கள். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றால் குறைகிறது. இம்முறை எழுதப்படுவது 33. மறையப் போகிறவர்கள் துறைமுகத்தில் கூடிநின்று ஒருவருக்கொருவர் விடைகொடுக்கும் தொடக்கக் காட்சியைப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கானதா என்று முடிவு செய்யலாம். சண்டை மாறி மாறித்தான் நடக்கும். ஆயினும் எதிரி ஓங்கும் கணத்தில் சரியாகப் பொத்தானை அழுத்தினால் அடியைத் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கலாம் என்பதால், கை எப்போதும் விழிப்பாகவே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு தெரிவு வருகிறது. அதைப் பற்றி என் நண்பர்களோடு இன்னும் சண்டை ஓயவில்லை.

சண்டையே வேண்டாம் என்றால் 2011 இல் வந்த 'டு த மூன்' போதும். சாகும் தறுவாயில் இருக்கும் முதியவர் ஒருவர் சந்திரனுக்குப் போக ஆசைப்படுகிறார். அது ஏன் என்பது அவருக்கே தெரியாது. வைத்தியர்கள் இருவர் அவருடைய நினைவுகளுக்குள் பின்னோக்கிப் போய்த் தேடுகிறார்கள். நாலைந்து மணித்தியாலக் கதை. கைக்குட்டை ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் உறங்கிய பின்னர் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். 'பெர்சோனா 5' நீளமானது என்கிறார்கள். தொடங்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

தொடங்கலாம். அதன் விரிந்த பதிப்பான 'பெர்சோனா 5 ரோயல்' ஏறத்தாழ நூறு மணித்தியாலம் நீளும். ஆனால் உங்களைப் போன்றவருக்கு நீளத்தைவிட, அது எப்படித் துண்டுபடுகிறது என்பதே முக்கியம். டோக்கியோவில் ஒரு பாடசாலை மாணவனின் ஓராண்டை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வாழும் விளையாட்டு அது. பின்னேரம் ஒரு வேலை, இரவு ஒரு வேலை, அவ்வளவுதான். நண்பனைச் சந்திக்கப் போனால் படிப்புக்கு நேரமில்லை. இரண்டு மூன்று நாட்களை வாழ்ந்துவிட்டு சேவ் செய்து படுத்துவிடலாம். எல்லா நண்பர்களின் கதையையும் ஒரே தடவையில் முடிக்கவேண்டும் என்று இணையத்தில் அட்டவணைகளைத் தேடிப் போகாதீர்கள். வங்கி வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும்.

உங்களுக்குப் பொருந்தாதது கிங்டம் கம். அதில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு மதுபானம் கைவசம் இருக்கவேண்டும், அல்லது கட்டில் தேடி உறங்கவேண்டும். வெளியேறும்போது சேவ் செய்யும் வசதியைப் பின்னர் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், பிள்ளை எழும்பி அழும் வீட்டுக்கு அந்த ஒழுங்கு சரிவராது. மின்வெட்டு வந்தாலும் இதே சிக்கல்தான்.

புலம்பெயர்ந்த தமிழர்களின் வாழ்க்கையைச் சொல்லும் விளையாட்டு ஏதும் உண்டா? பேரப்பிள்ளைகளோடு இருந்து பார்க்க விரும்புகிறேன்.
– ஸ்காபரோவிலிருந்து, சொந்த ஊர் காரைநகர்

ஐயா, 2023 இல் வந்த 'வெண்பா' உங்களுக்கு. அதை ஆர்.பி.ஜி. என்று சொல்லமுடியாது, சமையற் புதிர்களால் நகரும் சிறுகதை. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த தம்பதி. தாயார் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை நாமே ஊகித்து இட்லியும் புட்டும் அவிக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதே முதற் புதிர். பேரப்பிள்ளைகள் தடுமாறும் அந்த இடத்தில் வீட்டிலுள்ள அம்மம்மா வென்றுவிடுவார். மகன் வளர வளர அவனுடைய தமிழ் குறைந்து போவதைக் காட்டும் பகுதிகள் உங்களுக்கு வலிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

இதைவிட ஆழமான ஒன்றைப் பெரியவர்கள் மட்டும் விளையாடலாம் என்றால், 2022 இல் வந்த 'சிட்டிசன் ஸ்லீப்பர்' உண்டு. தமிழருக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் கதை. நிறுவனம் ஒன்றின் சொத்தாகச் செய்யப்பட்ட உடலோடு தப்பி வந்தவர் ஒருவர், ஆவணமில்லாமல், பணமில்லாமல், நாட்கூலியாக வேலை தேடுகிறார். ஒவ்வொரு நாளும் காலையில் சில பகடைகள் விழும்; அன்றைக்கு எந்த வேலைக்கு எந்த எண்ணைச் செலவிடுவது என்பதே விளையாட்டு. உடல் தளரத் தளரப் பகடைகளின் எண்ணிக்கை குறையும். பின்னர் இலவசமாகச் சேர்க்கப்பட்ட அத்தியாயங்களில், அகதிகளை ஏற்றி வந்த கப்பல்களை நிலையத்துக்குள் விடாமல் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைக் கனடாவில் இருந்து நீங்கள் வாசிக்கும் விதம், மற்றவர்கள் வாசிக்கும் விதமாக இராது.

இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கவேண்டுமா? விலை கட்டுப்படியாகுமா?
– வாசகர், கிளிநொச்சி

வெளிவந்த புதிதில் கட்டுப்படியாகாது. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் இலங்கைக்கு விலை அமெரிக்க டொலரில்தான் காட்டப்படுகிறது. டொலர் ஏறினால் நமக்கும் ஏறும். ஆனால் கதை விளையாட்டுகள் பழசானாலும் கெட்டுப்போவதில்லை. விரும்பியவற்றைப் பட்டியலில் போட்டுவிட்டு, இளவேனில், கோடை, இலையுதிர், குளிர்காலக் கழிவு விற்பனைகளுக்குக் காத்திருங்கள். இப்பகுதியில் சொன்னவற்றுள் பழையவை பெருங்கழிவில் வருவது வழக்கம். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினியில் ஓடுமா என்று சந்தேகமுள்ளவர்கள் அந்த இரண்டு மணித்தியாலத்தைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள்.

இணைய இணைப்பு நிலையில்லாதவர்களுக்கு ஜிஓஜி என்னும் இன்னொரு இணையக் கடை பொருத்தமானது. அங்கே வாங்கினால் நிறுவற் கோப்பையே தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையமில்லாமலும் விளையாடலாம். விச்சர், பிளேன்ஸ்கேப் இரண்டும் அங்கே உண்டு. வெளிநாட்டு இணையக் கொள்வனவுக்கு உங்கள் வங்கி அட்டையில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கோப்புகளை, உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னான ஒதுக்கீடு இருந்தால், அந்த நேரத்தில் இறக்குங்கள். பால்டர்ஸ் கேட்டைப் பகலில் இறக்கத் தொடங்கினால், மாதத்தின் மிகுதி நாட்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் உங்களோடு கதைக்க மாட்டார்கள்.